பாசிட்ரான் மோதலும் மூலக்கூறு அயனியாக்கமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நைட்ரஜன் மூலக்கூறின் அயனியாக்க ஆற்றல் 15.6 எலக்ட்ரான் வோல்ட் என்று படித்திருக்கிறேன். ஆனால் பாசிட்ரான் (எலக்ட்ரானின் அதே நிறையும் நேர்மின்னூட்டமும் கொண்ட எதிர்த்துகள்) மோதலுக்கான வரைபடத்தில் 9 எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்கும்போதே அயனிகள் தோன்றுகின்றன. இது அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. மோதும் எலக்ட்ரான், மூலக்கூறின் எலக்ட்ரான் ஒன்றை வெளியேற்ற வேண்டுமானால் 15.6 எலக்ட்ரான் வோல்ட் முழுவதையும் தானே செலவிட வேண்டும். பாசிட்ரானுக்கோ இன்னொரு வழியும் உண்டு: அது அந்த எலக்ட்ரானைப் பறித்துத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, பாசிட்ரோனியம் என்னும் அணுக்கரு இல்லாத ‘அணு’வாக வெளியேறிவிடலாம். இந்தப் பிணைப்பு 6.8 எலக்ட்ரான் வோல்ட்டை விடுவிக்கிறது. இரு துகள்களின் நிறையும் சமம் என்பதால் இணையின் குறைக்கப்பட்ட நிறை (இரு துகள்களின் ஒப்பு இயக்கத்தைக் கணக்கிடப் பயன்படும் நிறை) எலக்ட்ரானின் நிறையில் பாதியாகிறது. ஆகவே பிணைப்பாற்றலும் ஹைட்ரஜன் அணுவின் 13.6-இல் பாதியாக அமைகிறது. 15.6-இலிருந்து 6.8-ஐக் கழித்தால் நீங்கள் கண்ட 8.8 கிடைக்கும். ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இதே கணக்கில் 8.6, பென்சீனுக்கு வெறும் 2.4 எலக்ட்ரான் வோல்ட். சோடியம் அணுவின் அயனியாக்க ஆற்றலே 6.8-ஐவிடக் குறைவு என்பதால் அங்கே இந்த வழிக்குத் தொடக்க ஆற்றலே தேவையில்லை.

1951-இல் மார்ட்டின் டாய்ச் கண்டறிந்த இந்தப் பாசிட்ரோனியம் நீண்ட நேரம் நிலைப்பதில்லை. தற்சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால் சுமார் 0.125 நானோநொடியும், இணையாக இருந்தால் 142 நானோநொடியும் வாழ்ந்து காமாக் கதிர்களாக அழிந்துவிடும். ஆனால் அது விட்டுச்சென்ற அயனி எஞ்சி நிற்கும். ஆகவே பாசிட்ரான் தரவு எதை எடுத்தாலும், அது ‘மொத்த அயனியாக்கமா’, பாசிட்ரானும் எலக்ட்ரானும் தனித்தனியே வெளியேறும் ‘நேரடி அயனியாக்கமா’ என்பதை முதலில் பாருங்கள். நேரடி அயனியாக்கம் 15.6-இல்தான் தொடங்கும். இவ்விரண்டையும் கலந்து ஒப்பிட்டுப் பெறும் முடிவுகளை ஏற்க முடியாது.

கேள்வி: நேரடி அயனியாக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், எலக்ட்ரானுக்கும் பாசிட்ரானுக்கும் நிறை ஒன்றே, மின்னூட்டத்தின் குறி மட்டுமே வேறு. பிறகு ஏன் இரண்டு வளைகோடுகள்?

பதில்: மிக உயர்ந்த ஆற்றலில் ஒரே வளைகோடுதான். அங்கே குறுக்குவெட்டுப் பரப்பு (மோதலில் அயனியாக்கம் நிகழும் வாய்ப்பின் அளவு) மின்னூட்டத்தின் இருமடியைச் சார்ந்திருப்பதால் குறி மறைந்துவிடுகிறது. ஆற்றல் குறையும்போது வேறுபாடுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

முதலாவது, மோதும் எலக்ட்ரானும் வெளியேறும் எலக்ட்ரானும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவை. அதனால் எழும் பரிமாற்ற விளைவு பாசிட்ரானுக்கு இல்லை. இரண்டாவது, மூலக்கூறின் நிலைமின் புலம் எலக்ட்ரானை ஈர்த்துப் பாசிட்ரானை விலக்குகிறது. ஆனால் முனைவாக்கத்தால் (நெருங்கும் துகளின் மின்னூட்டம் மூலக்கூறின் எலக்ட்ரான் மேகத்தைச் சற்று இடம்பெயர்ப்பதால்) எழும் விசை இரண்டையுமே ஈர்க்கிறது. எனவே எலக்ட்ரானுக்கு இவ்விரு விசைகளும் கூடுகின்றன. பாசிட்ரானுக்கு ஒன்றையொன்று பகுதியளவு நீக்குகின்றன. மூன்றாவதும் என் பார்வையில் மிக அழகானதுமான காரணம், மோதலுக்குப் பிந்தைய ஈர்ப்பு: சிதறிய பாசிட்ரான், வெளியேறும் எலக்ட்ரானைத் தன் திசையிலேயே இழுத்துச் செல்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறின் மீது 100 எலக்ட்ரான் வோல்ட் பாசிட்ரான்களைச் செலுத்தி, முன்திசையில் வெளிவரும் எலக்ட்ரான்களை அளந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில், எஞ்சிய ஆற்றலை இருவரும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடும் இடத்தை ஒட்டி ஒரு முகடு தென்பட்டது. 1998-இல் வெளியான அந்த முடிவு, பாசிட்ரானும் எலக்ட்ரானும் பிணையாமலேயே சேர்ந்து பயணிப்பதைக் கண்முன் நிறுத்தியது.

ஹீலியம், ஹைட்ரஜன் ஆகியவற்றில் இடைப்பட்ட ஆற்றல்களில் பாசிட்ரானின் நேரடி அயனியாக்கம் எலக்ட்ரானுடையதைவிட மிகுதி. தொடக்க ஆற்றலை ஒட்டியோ நிலைமை தலைகீழ்: கூடுதல் ஆற்றலைப் பொறுத்து எலக்ட்ரான் வளைகோடு 1.127 அடுக்கிலும், பாசிட்ரான் வளைகோடு 2.65 அடுக்கிலும் ஏறும் என்பது தொடக்க ஆற்றலை ஒட்டிய அயனியாக்கத்தை விளக்கும் வேனியர் வகைக் கோட்பாட்டின் கணிப்பு. அதாவது பாசிட்ரான் மிக மெதுவாகவே தொடங்குகிறது.

கேள்வி: மூலக்கூறுகளை அயனியாக்கி நிறைப்படி பிரித்தறியும் நிறை நிறமாலைமானியில், மோதும் எலக்ட்ரானுக்கு எப்போதும் 70 எலக்ட்ரான் வோல்ட் ஏன்?

பதில்: பெரும்பாலான கரிம மூலக்கூறுகளின் அயனியாக்க வளைகோடு அந்தப் பகுதியில் உச்சத்தை ஒட்டித் தட்டையாக இருக்கும். அதனால் மின்னழுத்தம் சற்று மாறினாலும் நிறமாலை மாறாது. வெவ்வேறு ஆய்வகங்களின் பதிவுகளை ஒப்பிட முடியும். அந்த எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 0.15 நானோமீட்டர், அதாவது ஒரு வேதிப்பிணைப்பின் நீளம்.

கேள்வி: பெட் ஸ்கேனில் (உடலில் செலுத்திய மருந்து உமிழும் பாசிட்ரான்களைக் கொண்டு படமெடுக்கும் முறை) நோயாளியின் உடலுக்குள் இவற்றில் எது நிகழ்கிறது?

பதில்: எல்லாமே, வரிசையாக. ஃப்ளூரின்-18 உமிழும் பாசிட்ரானின் ஆற்றல் அதிக அளவாக 635 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும். அது திசுவின் நீர் மூலக்கூறுகளை அயனியாக்கியபடியே வேகம் குறைகிறது. இந்த நீண்ட கட்டத்தில் எலக்ட்ரானுக்கான அட்டவணைகளைப் பயன்படுத்துவதால் பெரிய தவறு நேராது. கடைசிச் சில நூறு எலக்ட்ரான் வோல்ட்டிலும் அதே அட்டவணையைத் தொடர்வது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. தனித்த நீர் மூலக்கூறின் அயனியாக்க ஆற்றல் 12.6 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், 5.8-லிருந்தே பாசிட்ரோனிய வழி திறந்துவிடுகிறது. எலக்ட்ரான் அட்டவணையில் அந்த வழிக்கு இடமே இல்லை. பாசிட்ரான் இறுதியில் அழியும்போது பெரும்பாலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொண்ட இரு ஒளித்துகள்கள் எதிரெதிர்த் திசைகளில் கிளம்புகின்றன. கருவி பதிவு செய்வது அவற்றைத்தான்.