கடையில் பொருந்திய உடை வீட்டில் உறுத்துவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடையில் அணிந்து பார்த்தபோது நன்றாகவே இருந்த பருத்திச் சட்டை, அரை நாள் போட்டிருந்ததும் கழுத்திலும் விலாவிலும் அரிக்கிறது. கையைத் தூக்கினால் சட்டை முழுவதுமே மேலே ஏறிவிடுகிறது. இதைத் திருப்பிக் கொடுப்பதா, திருத்திக்கொள்வதா?

பதில்: உடைமாற்றும் அறையில் நாம் கண்ணாடியின் முன் ஓரிரு நிமிடம் நிமிர்ந்து நிற்கிறோம், உடையின் குணமோ உட்கார்ந்து, குனிந்து, வியர்த்த பிறகுதான் வெளிப்படுகிறது. ஆகவே பார்த்து வாங்கவில்லையே என்று நீங்கள் நொந்துகொள்ள வேண்டியதில்லை. முதலில் கடையில் கேட்டுவிடுங்கள். ஏனெனில், ஒரு தையலைப் பிரித்தாலும், ஒருமுறை துவைத்தாலும் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். அவர்கள் ஏற்க மறுத்தால் மட்டும் கீழே சொல்பவற்றுக்கு வாருங்கள்.

சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, அரித்த இடங்களை முழங்கையின் உட்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கையின் தோல் தடித்தது என்பதால், கழுத்து உணரும் உறுத்தல் அதற்குத் தெரிவதில்லை. கழுத்தில் குத்துவது அநேகமாக லேபிளின் விறைத்த ஓரமாகத்தான் இருக்கும். விலாவில் குத்துவது, துவைக்கும் முறை அச்சிட்ட மற்றொரு லேபிளாகவோ, மடிப்பைத் தைத்த நைலான் நூலின் நுனியாகவோ இருக்கலாம். லேபிளைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்குவதைப் போன்ற தவறு வேறில்லை. தையலுக்குள் சிக்கி நிற்கும் மிச்சம் முன்பைவிடக் கூர்மையாகக் குத்தும். அதைப் பிடித்திருக்கும் தையலை மட்டும் கண் கண்ணாகப் பிரித்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். சட்டையின் முக்கியத் தையலோடு அது சேர்ந்திருந்தால் பிரிக்காமல், மேலே மெல்லிய பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தைத்து மூடிவிடலாம். துவைக்கும் குறிப்பை எங்காவது எழுதி வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

குறிப்பிட்ட ஓர் இடத்தில் இல்லாமல் உடல் முழுவதும் அரித்தால், துணிக்குக் கொடுத்த மெருகைச் சந்தேகிக்க வேண்டும். சுருக்கம் விழாத பருத்தித் துணிகள் பலவற்றில், தோலை உறுத்தக்கூடிய ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் கலந்த பிசின் பூசப்படுவதுண்டு. அந்த வேதிப்பொருளில் துணியோடு ஒட்டாமல் தங்கியிருக்கும் பகுதி ஓரிரு முறை துவைத்தாலே பெருமளவு குறையும். விறைப்புக்காகப் போட்ட கஞ்சியும் அதோடு போய்விடும். இதற்கென்று துணி மென்மையாக்கியை ஊற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது இழைகளின் மீது படலமாகப் படிந்து, வியர்வையை உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடுகிறது.

சட்டை மேலே ஏறுவது வேறு கதை. இறுக்கம்தான் காரணம் என்று எண்ணி, தையற்காரர்கள் ஆர்ம்ஹோல் என்று சொல்லும் கைக்குழியை இன்னும் கீழே வெட்டச் சொல்பவர்களே அதிகம். உண்மை இதற்கு நேர்மாறானது: கைக்குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவு துணி கையோடு சேர்ந்து இழுபடும். வெட்டிய துணியை மீண்டும் மேலே ஏற்றுவது கடினம் என்பதால், அக்குளில் நான்கு தையல்களும் கூடும் இடத்தைப் பிரித்து, சாய்சதுரமான சிறு துண்டு ஒன்றை வைத்துத் தைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. கீழ்மடிப்பு அகலமாக இருந்தால் அதற்கான துணியை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம், நிறமும் மாறாது.

கேள்வி: கம்பளி ஸ்வெட்டரைப் பலமுறை துவைத்தும் குத்துவது நிற்கவில்லை. எனக்குக் கம்பளி ஒவ்வாமையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த கம்பளி இழைகளின் நுனி, தோலில் பட்டதும் வளைந்துகொடுக்காமல் நரம்பு முனைகளைக் குத்துகிறது. தடிப்பு இழையின் இயல்பு. துவைத்து மாற்ற இயலாது. உள்ளே கழுத்து வரை மூடும் மெல்லிய முழுக்கைப் பருத்திப் பனியன் அணியுங்கள். அப்போதும் பொறுக்க முடியாவிட்டால், குத்தலை உணராத ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: புதிய ஜீன்ஸ் அணிந்ததிலிருந்து தொப்புளுக்குக் கீழே வட்டமாகத் தடித்துச் சிவக்கிறது. துணியை மாற்ற வேண்டுமா?

பதில்: துணியை அன்று, பொத்தானைக் கவனியுங்கள். நீங்கள் சொல்லும் இடமும் வடிவமும் உலோகப் பொத்தானில் உள்ள நிக்கலுக்கு ஏற்படும் ஒவ்வாமையைத்தான் நினைவூட்டுகின்றன. மலிவான காதணியோ கைக்கடிகாரத்தின் பின்மூடியோ உங்களுக்கு முன்பே அரித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நகப்பூச்சைப் பூசிச் சமாளிப்பவர்கள் உண்டு, ஆனால் அது சில நாட்களில் உரிந்துவிடும். பொத்தானின் உட்பக்கத்தை மறைத்துத் தடித்த துணியொன்றைத் தைப்பதும், பிளாஸ்டிக் பொத்தானாக மாற்றிக்கொள்வதும் நீடிக்கும் வழிகள். அதற்குப் பிறகும் தடிப்பு ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்; ஒட்டுப் பரிசோதனை செய்து எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்பதை அவர் கண்டறிந்து சொல்வார்.