கான்வாஸ் பையும் பிளவுஸும் ஒரே மெஷினில் தைக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வீட்டில் பிளவுஸ், பிள்ளைகளின் யூனிஃபார்ம் தைக்கிறேன். இனி கடைகளுக்குக் கான்வாஸ் பையும், பழைய ஜீன்ஸ், கம்பளித் துணியில் கைவினைப் பொருட்களும் தைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். டிசைன் போடும் ஆட்டோமேட்டிக் மெஷினா, கறுப்பு மிதி மெஷினா, தொழிற்சாலைகளில் ஓடும் பவர் மெஷினா? எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமா?”

இப்போதைக்குப் போதும். முழு அளவுக் கறுப்பு மிதி மெஷினை வாங்கி, ஒரு மோட்டாரும் மாட்டிக்கொள்ளுங்கள். பை தைக்கும் யோசனையும் நல்லதுதான். பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை. நீலகிரியில் அதற்கும் முன்பிருந்தே கெடுபிடி. துணிப்பைக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

கனமான துணி என்று எல்லோரும் சொல்கிறார்கள். மெஷினுக்குத் தெரிவது துணியின் கனம் மட்டுமல்ல, அடுக்கும்தான். பையின் காதுக்குப் பட்டியை நாலாக மடித்துத் தைப்பீர்கள்: நாலு அடுக்கு. பையின் வாயை இரண்டு தடவை மடித்தால் மூன்று. காது வாயோடு சேரும் இடத்தில் ஊசி ஏழு அடுக்குக் கான்வாஸைத் துளைக்க வேண்டும். மெஷின் மாட்டிக்கொள்வது இந்த ஓர் அங்குலத்தில்தான். கடையில் ஓட்டிக் காட்டுவதோ கஞ்சி மொடமொடப்புள்ள காட்டன், அதுவும் இரண்டு அடுக்கு. அதில் ஓடாத மெஷின் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் தைக்கப்போகும் கான்வாஸிலேயே ஏழு அடுக்கு வைத்து, கையால் டாக் (தற்காலிகத் தையல்) போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கினால் அது அடியில் நுழைகிறதா பாருங்கள். பல மெஷின்கள் இங்கேயே தோற்றுவிடும். 16ஆம் நம்பர் ஊசி, போதாவிட்டால் 18 போடச் சொல்லுங்கள். தையலை நீளமாக வைத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேகத்தில் எதுவும் தாண்டிவிடும், மெதுவாக ஏறுகிறதா என்பதே சோதனை. ஏறினால் துணியைத் திருப்பி, அடித்தையல் எங்காவது விடுபட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

வீட்டுக்கான ஆட்டோமேட்டிக் மெஷின்களில் இருக்கும் சின்ன மோட்டாருக்கு மெதுவாக ஓடும்போது இழுவை குறைவு. தடித்த இடத்திலோ மெதுவாகத்தான் போக முடியும். அங்கே அது முனகிக்கொண்டு நிற்கும். பெடலை விடாமல் மிதித்தால் சூடேறும். துணியை நீங்கள் பிடித்து இழுப்பீர்கள், ஊசி வளைந்து தட்டில் இடிக்கும், முறியும். மிதி மெஷினில் கீழே சுழலும் இரும்புச் சக்கரத்தின் வேகம் ஊசியைத் தள்ளிக்கொண்டு போகும். அதுவும் திணறினால் கைச்சக்கரத்தை உருட்டி நாலு தையல் போட்டுத் தாண்டிவிடலாம். பிரஷர் ஃபுட்டின் பின்பக்கம் அதே தடிமனில் ஒரு துணி மடிப்பைச் செருகினால் மேடு ஏறுவது இன்னும் சுலபம்.

ஆட்டோமேட்டிக் மெஷினை மட்டம் தட்டவில்லை. ஜிக்ஜாக், பட்டன்ஹோல் இரண்டும் அருமையான வசதிகள், கறுப்பு மெஷினில் அவை கிடையாது, நேர்த்தையல் மட்டும்தான். நேர்த்தையல் நீண்டு கொடுக்காது; இழுபடும் பின்னல் துணியில் பட்டென்று தெறிக்கும். ஸ்வெட்டர் துணியே உங்கள் முக்கிய வேலை என்றால் என் பதில் வேறு. டிசைன்களுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். ஒரு வார்த்தை கூடுதலாக: 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல், துணியின் இழைகளை எண்ணிக் கையாலேயே போடுவது. மெஷினில் அதன் சாயலை ஓட்டி அந்தப் பெயரில் விற்காதீர்கள்.

மலையில் இருப்பவருக்கு மிதி மெஷினைச் சொல்ல வேறு காரணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மிதிக்கலாம். ரிப்பேருக்கு மேட்டுப்பாளையம், கோவை என்று இறங்காமல், அடிநூலைத் தாங்கும் பாபின் கேஸ், ஷட்டில் போன்ற உதிரிகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மலைக்குளிரில் மெஷினுக்குள் கட்டி, தூசியோடு பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே விட வேண்டும். மார்கழிக் காலையில் மெஷின் இறுகியிருந்தால், நூல் கோக்காமல் சும்மா சிறிது நேரம் ஓட்டுங்கள். ஈரத்தில் தோல் பெல்ட் தளரும், அளவாக வெட்டி மாட்டுங்கள். பைக்குப் பாலியெஸ்டர் நூல் போடுங்கள். காட்டன் நூல் நனைந்து நனைந்து இற்றுப்போகும்.

குன்னூர், ஊட்டிப் பக்கம் பழைய வெளிநாட்டு மெஷின்கள் விலைக்கு வரும். அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். நீள பாபினும் படகு வடிவ ஷட்டிலும் உள்ளதென்றால் உதிரி தேடி அலைய நேரும். ஊசித்தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் விட்டுவிடுங்கள்.

பவர் மெஷின், ஆர்டர் நிலைத்த பிறகு. ரோட்டிலிருந்து படி இறங்கும் வீடாக இருந்தால் அது பூட்டியிருக்கும் கனமான மேசையைக் கொண்டுபோவதே ஒரு நாள் வேலை. அப்போது கனத்துணிக்கான ரகமா என்று கேட்டு, மிதிக்கும்போது மட்டும் சுற்றும் சர்வோ மோட்டாரோடு வாங்குங்கள். கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருந்து கரண்டைத் தின்னும். பவர் மெஷின் ஊசியில் மெஷினுக்குள் செருகும் அடிப்பகுதி உருண்டை, வீட்டு மெஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டை. இரண்டையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள்.