‘அவனை எப்படியாவது சம்மதிக்க வை’ என்கிறார்கள் நண்பர்கள்

அன்புள்ள மேடம்,

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டலில் நாங்கள் ஆறு பேர் ஒரு செட். படிப்பு, சினிமா, சண்டை எல்லாமே சேர்ந்துதான். போன வருடத்திலிருந்து அவ்வப்போது குடிக்கவும் ஆரம்பித்தோம். நானும் குடிப்பேன், அளவாக. என் ரூம்மேட் மட்டும் தொடுவதில்லை. எங்களோடு வந்து உட்காருவான், ஜூஸ் குடிப்பான், அரட்டை அடிப்பான். கடைசியில் எல்லோரையும் பத்திரமாக அறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவன்தான்.

முதலில் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது அவனை ஓட்டுவதே வேலையாகிவிட்டது. ‘சாமியார் வந்துட்டார்’, ‘ஒரு சிப் குடிச்சா செத்தா போயிடுவே’, ‘எங்களை மதிச்சா குடி’ என்றெல்லாம் பேசுகிறார்கள். சிரித்து மழுப்பிவிடுவான். ஆனால் போன தடவை பாதியில் எழுந்து போய்விட்டான். நான் அறைக்குப் போனபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். தூங்கவில்லை என்று தெரிந்தது. எதுவும் பேசவும் இல்லை.

அடுத்த மாதம் எல்லோரும் டூர் போகிறோம். ‘நீ சொன்னா கேட்பான், அவனை எப்படியாவது சம்மதிக்க வை’ என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாட்டேன் என்றால் ‘நீயும் அவன் கட்சியா’ என்பார்கள். தவிர, நானே குடிக்கிறவன். ‘அவனை விடுங்கடா’ என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவன் ஏன் குடிப்பதில்லை என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களிடம் விளக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காரணத்தைத் தோண்டாதீர்கள். காரணம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் உடனே அதன்மேல் விவாதம் ஆரம்பித்துவிடும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் ‘பீர் ஒண்ணும் பண்ணாது’ என்பார்கள். வீட்டில் யாராவது குடியால் அழிந்திருந்தால், அந்தக் கதையை ஐந்து பேர் நடுவில் வைத்து அலச வேண்டிவரும். அவருக்கு வேண்டாம், அவ்வளவுதான். அதற்கு மேல் யாருக்கும் கணக்குச் சொல்ல அவர் கடமைப்பட்டவர் இல்லை. என்றைக்காவது அவராகவே உங்களிடம் சொன்னால், அது உங்களோடு இருக்கட்டும்.

சரி, யோக்கியதை விஷயத்துக்கு வருவோம். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் அதே நீளம் உள்ளது எது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். யாரும் தடுமாறத் தேவையில்லாத கேள்வி. ஆனால் ஒரே ஒரு மாணவரைத் தவிர அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். பேசிவைத்தபடி எல்லோரும் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். விவரம் தெரியாத மாணவர்கள் சராசரியாக மூன்றில் ஒரு தடவை, கண்ணெதிரே தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டம் சொன்னதையே சொன்னார்கள்.

எல்லோரும் சொல்லும் பகுதி இதுதான். உங்களுக்குத் தேவையானது அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையைச் சொல்லும்படி ஆஷ் மாற்றிப் பார்த்தார். கூட்டத்துக்கு ஒத்துப்போவது முன்பு இருந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இன்னொன்றும் செய்தார். அந்த ஒருவர் சரியான விடையைச் சொல்லாமல், வேறொரு தவறான விடையைச் சொன்னார். அப்போதும் விவரம் தெரியாத மாணவருக்குத் தைரியம் வந்தது! ஆக, துணை நிற்பவர் ரூம்மேட்டைப் போலவே இருக்க வேண்டும் என்றில்லை. கையில் கிளாஸை வைத்துக்கொண்டே ‘அவனுக்கு வேணாம்னா விடுங்கடா’ என்று நீங்கள் சொல்லலாம். சொல்லப்போனால் உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும். குடிக்காதவர் சொன்னால் உபதேசம் என்று தள்ளிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் அதே சோதனையில் இருக்கிறது. துணை நின்றவர் பாதியில் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தபோது தவறுகள் மளமளவென்று கூடின. அதனால் ஒரு தடவை பேசிவிட்டு, அடுத்த கிண்டலுக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள்.

உங்கள் நண்பர்களை நான் கெட்டவர்கள் என்று நினைக்கவில்லை. குடிக்காத ஒருவர் பக்கத்தில் தெளிவாக உட்கார்ந்திருந்தாலே சிலருக்கு, தன்னை எடைபோடுகிறாரோ என்று உறுத்தும். ‘எங்களை மதிச்சா குடி’ என்பதில் அந்த உறுத்தல்தான் கேட்கிறது. அப்புறம், ஐந்து பேருக்கும் இது ஒரே அளவில் பிடித்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரென்டிஸ், மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். வளாகத்தில் நடக்கும் குடி குறித்துத் தங்களுக்கு இருக்கும் சங்கடம் மற்ற மாணவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்றே மாணவர்கள் நினைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துத் தன் தயக்கத்தை மறைத்துக்கொண்டால், வெளியே எல்லோரும் உற்சாகமாக இருப்பதாகத்தான் தெரியும். (‘அளவாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அளவில் எவ்வளவு உங்கள் விருப்பம், எவ்வளவு செட்டுக்காக என்பதை நீங்களும் ஒரு நாள் யோசியுங்கள். நான் பதில் கேட்கவில்லை.)

எனவே டூர் அன்று இரவு எல்லோரும் உட்கார்ந்த பிறகு பேச ஆரம்பிக்காதீர்கள். உங்கள் வயதில் கூட்டாளிகள் கூட இருந்தாலே துணிச்சல் ஒரு படி ஏறும். 2005-இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தபோது, 18 முதல் 22 வயதுக்காரர்கள் தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது அதிக ஆபத்தில் இறங்கினார்கள். ஆகவே கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். கொஞ்சம் நிதானமான ஆளிடமிருந்து ஆரம்பியுங்கள். ‘அவனைச் சம்மதிக்க வைக்கிற வேலை என்னால ஆகாது மச்சான். போன தடவை எழுந்து போனானே, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு’ என்றால் போதும். ‘நீயும் அவன் கட்சியா’ என்று கேட்டால் ‘இந்த விஷயத்துல ஆமா’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். இரண்டு நாள் உங்களையும் ஓட்டுவார்கள், அதை மறைக்க மாட்டேன். நீங்கள் கோபப்படாமல் நின்றுவிட்டால் அதில் அவர்களுக்குச் சுவாரசியம் குறைந்துபோகும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. விளையாட்டுக்கு என்று அவருடைய ஜூஸில் கலந்துவிடலாம் என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டு அல்ல, கடுமையாகவே தடுங்கள். மருந்து சாப்பிடுகிறாரா, உடம்பில் வேறு பிரச்சினை இருக்கிறதா என்பது உங்கள் யாருக்கும் தெரியாது. மீறிச் செய்வார்கள் என்று தோன்றினால் உடனே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் காட்டிக்கொடுப்பது என்று நினைக்காதீர்கள்.

இத்தனையும் செய்கிறேன் என்று அவருக்குக் காவல்காரராகவும் ஆகிவிடாதீர்கள். நாளைக்கு யாரும் கேட்காமல் அவராகவே குடித்துப் பார்க்க நினைத்தால், அதைத் தடுக்கவும் உங்களுக்கு வேலை இல்லை. இப்போதைக்கு அவரிடம் நேராகப் பேசுங்கள். ‘போன தடவை நடந்தது எனக்குப் பிடிக்கலைடா. மறுபடி ஆரம்பிச்சாங்கன்னா நான் பேசட்டுமா, இல்ல நீயே பார்த்துக்கிறியா?’ என்று கேளுங்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். டூருக்கே வரவில்லை என்று சொன்னாலும் வற்புறுத்த வேண்டாம். மற்றவர்கள் ‘கோவிச்சுக்கிட்டான்’ என்று பேச ஆரம்பித்தால், அவன் வரவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிடுங்கள்.