பழைய இரும்புச் சாமானை ஒட்ட வைத்தால் அது சிற்பமா? யார் வேண்டுமானாலும் செய்யலாமே?

கேட்டவர் ஏதோ கண்காட்சிக்குப் போய், விலையைப் பார்த்துக் கடுப்பாகி வந்திருப்பார் போல. தப்பில்லை. நான் கலைக் கல்லூரியில் படித்தவன் இல்லை. கடலூர் முதுநகரில் கேட், கிரில் போடும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

2015 வெள்ளத்தில் அப்பாவின் டிவிஎஸ் 50 மூழ்கி இன்ஜின் போனது. காயலான் கடையில் போட மனசு வராமல் பட்டறை மூலையில் கிடந்தது. ஒருநாள் டேங்கைக் கழற்றிக் கீழே வைத்தேன். உப்பனாற்றங்கரையில் தினமும் பார்க்கிற கொக்கின் உடம்பு அப்படியே இருந்தது.

கழுத்துக்கு அதே வண்டியின் வளைந்த சைலன்சர் பைப். காலுக்குத் துண்டுக் கம்பி. பெட்ரோல் டேங்கில் சும்மா வெல்டிங் ராடை வைத்தால் ஆளே இருக்க மாட்டான்; காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி நிற்கும். மூடியைத் திறந்துவிட்டு, வெல்டிங் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் ரொப்பித்தான் வைத்தேன். தகடும் மெல்லிசு, கரண்டைக் கூட்டினால் ஓட்டை.

அலகுதான் அமையவில்லை. தகடு வெட்டி மடக்கினால் பத்து நிமிட வேலை. ஆனால் எதையும் வெட்டுவதில்லை, கிடைத்ததைக் கிடைத்தபடி வைப்பது என்று ஒரு வீம்பு. நாலு மாதம் அலகில்லாமல் நின்றது. அப்புறம் ஒரு தையல்காரர், பிடி உடைந்த பெரிய கத்தரியைக் கொண்டுவந்தார். வார்ப்பு இரும்பு, சாதா ராடில் ஒட்டினால் ஆறும்போதே கீறல் விடும் என்றேன். “சரி, நீயே வச்சுக்கோ” என்று போய்விட்டார். மிச்சமிருந்த வளையத்தில் போல்ட் போட்டு முடுக்கினேன். கத்தரி லேசாகத் திறந்திருக்கிறது. மீனைக் கண்ட கொக்கு.

ஓவியர் பிக்காசோ 1942ல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து மாட்டுத்தலை செய்தார். இரண்டே சாமான். உங்கள் வீட்டிலும் சைக்கிள் இருந்திருக்குமே, ஏன் தோன்றவில்லை? உடனே யாராவது டுஷாம்ப் என்ற கலைஞர் 1917ல் இதுவும் கலைதான் என்று வைத்த மூத்திரக் கோப்பையை இழுத்து வருவீர்கள். அது வேறு வழக்கு, அதற்கு நான் வக்கீல் இல்லை. எனக்குப் பிடித்தவர் நேக் சந்த். அவரும் கலை படித்தவரில்லை, சாலை ஆய்வாளர். உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்து சண்டிகரில் அரசு நிலத்தில் ரகசியமாக ஒரு தோட்டமே கட்டினார். 1976ல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

என் கொக்கைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு விடுதிக்காரர் வந்தார். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டுக் கேட்டார்: “இரும்பு கிலோ என்ன ரேட்டு போடுறீங்க?” தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் பட்டறை வாசலில்தான் நிற்கிறது. அப்பா அலகில் சாப்பாட்டுப் பையை மாட்டுகிறார்; வண்டியின் ஆர்சி புக்கும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.