பாரலாச்சா கணவாயில் சைக்கிள்: கேள்வி பதில்

இமயமலையின் மணாலி-லே சாலையில் மூன்று முறை சைக்கிள் மிதித்திருக்கிறேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே நாளைச் சுற்றித்தான்: ஜிங்ஜிங்பாரில் கிளம்பி, சுமார் 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சாவைத் தாண்டி, சர்ச்சுவில் போய்ப் படுக்கும் நாள்.

அண்ணா, காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்? (மதுரை)

ஐந்தரைக்கு. முக்கியக் காரணம் தண்ணீர். சாலைக்குக் குறுக்கே ஓடும் ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். இரவில் பனி உறைவதால் விடியலில் கணுக்கால் அளவுதான் ஓடும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் முழங்காலைத் தொட்டுவிடும். மேகம் திரள்வதும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். ஒருமுறை டாபாவில் இரண்டாவது பரோட்டாவுக்கு ஆசைப்பட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். ஷூ நனைந்து, அன்று முழுக்கக் கால்விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட்ல போறோம் சார். மழைக்காலமாச்சே? (சென்னை)

மணாலியில் கொட்டும். மணாலிக்கு மேலே ரோஹ்தாங் கணவாய் இருக்கும் பீர் பஞ்சால் மலைத்தொடர் மேகங்களைப் பெருமளவு மறித்துவிடுவதால், அந்தப் பக்கம் லாஹவுல் பள்ளத்தாக்கு வறண்டு கிடக்கும். வால்பாறை நனையும்போது உடுமலை காய்வது மாதிரிதான். ஆனால் கணவாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஆகஸ்டிலும் பனி விழும். சூரஜ் தால் ஏரிக்கரையில் டீஷர்ட்டோடு நின்றவன், அடுத்த அரைமணியில் பனித்தூவலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். உச்சியில் மறுபடி வெயில்!

எத்தனை ஸ்வெட்டர் வேணும்? (திருச்சி)

ஏறும்போது குறைவாகப் போடுங்கள், வியர்த்து நனையக் கூடாது. மேலே போனதும், போட்டோவுக்கு முன்னால் ஈரச் சட்டையை மாற்றி விண்ட் ஜாக்கெட் போடுங்கள். நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் பழைய செய்தித்தாளைச் செருகினால் காற்று ஏறாது. கையுறை இரண்டு ஜோடி கட்டாயம். இறக்கத்தில் விரல் விறைத்தால் பிரேக்கைப் பிடிக்க முடியாது. ஏற்றத்தைவிட எனக்கு அந்தப் பயம்தான் அதிகம்.

கியர்? (ஈரோடு)

முன்னால் 26 பல், பின்னால் 34 பல் கொண்ட பற்சக்கரம் இருந்தால் போதும். அங்கே ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். நடக்கிற வேகத்தில் போனால் தப்பில்லை.

தலைவலி வந்தா மாத்திரை போட்டுட்டுப் போயிடலாமா அண்ணா? (கோவை)

தம்பி, இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டர், ஜிங்ஜிங்பாரும் அதே அளவு உயரம்தான். நடுவில் கணவாய். சர்ச்சுவைத் தாண்டினால் கட்டா வளைவுகள், நகீலா, லாச்சுலுங் கணவாய்கள் என்று மறுபடி ஏற்றம். அதாவது சர்ச்சுவில் உடம்புக்கு முடியாமல் போனால், எந்தப் பக்கம் தப்பிக்க நினைத்தாலும் முதலில் மேலே ஏற வேண்டும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய்க்கு மருந்தே கீழே இறங்குவதுதான். அதனால் முடிவை ஜிங்ஜிங்பாரிலேயே எடுத்துவிடு. காலையில் தலைவலியோடு குமட்டலும் இருந்தால், கீழே இருக்கும் ஜிஸ்பா கிராமத்துக்குத் திரும்பு. 3,200 மீட்டர் உயரம்தான், வழி முழுக்க இறக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, சைக்கிளை மறந்துவிட்டுக் கிடைத்த வண்டியில் இறங்கு. மாத்திரை வலியை மறைத்தால், ஏறலாமா என்று உடம்பு சொல்வதும் மறைந்துவிடும். மலை நோயைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள். என் முதல் பயணத்தில் நானே திரும்பி, ஜிஸ்பாவில் இரண்டு நாள் தூங்கினேன்.

வழியில சோறு கிடைக்குமா? (தஞ்சாவூர்)

கிடைக்கும், குக்கர் வைத்திருக்கும் டாபாவில். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி நறுக்கென்றே நிற்கும். நான் மேகிதான்.

பாதி ஏற்றத்துல முடியலன்னா? (சேலம்)

கையைக் காட்டுங்கள், லாரி நிற்கும். சைக்கிளைப் பின்னால் கட்டிவிட்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள், போட்டோவில் மட்டும் அது வராது.