மாதக் கடைசியில் எங்கள் வீட்டுச் சமையல்

"அந்தக் காலத்தில் வீட்டில் சிக்கனமாகச் சமைத்துச் சாப்பிட்டவற்றில், இன்றும் உங்கள் நாக்கு தேடுவது எது? ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பச்சைப்புளி ரசமும் பொட்டுக்கடலைத் துவையலும். இரண்டுக்குமே அடுப்பு வேண்டாம். எங்கள் வீட்டில் அவற்றை அடிக்கடி செய்ததற்குக் காரணமும் அதுதான்.

சிக்கனச் சமையல் என்றால் காய் விலை, பருப்பு விலை என்றுதான் பேச்சு போகும். எங்கள் அம்மாவுக்கு அரிசியைவிடப் பெரிய கவலை, எரிக்கிற எண்ணெய். அவள் மிச்சம் பிடித்தது முதலில் நெருப்பை, அடுத்தது தண்ணீரை. சாப்பாட்டை மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் இன்று ஏங்குகிற சாப்பாடு முழுக்க இந்த வரிசையில் இருந்து வந்ததுதான் என்று சமீபத்தில்தான் புரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். ஒரே வாசல், உள்ளே ஆறு குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு குழாய். எங்களுக்கு ஓர் அறை, அதை ஒட்டித் தகரம் போட்ட சின்னச் சமையல் இடம். அப்பா மவுண்ட் ரோடு பக்கம் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். அம்மா, ஆயா, நான், இரண்டு தம்பிகள். ஆறு பேருக்கும் ஒரே ஒரு திரி ஸ்டவ்.

மண்ணெண்ணெய்க்குச் சென்னையில் கிருஷ்ணாயில் என்றுதான் பேர். ரேஷன் கடையில் எண்ணெய் ஊற்றுகிற நாள் தெரிந்துவிட்டால், விடியும் முன்பே கேன்களும் தகர டின்களும் வரிசையில் போய் நின்றுவிடும். ஆட்கள் அப்புறம்தான் வருவார்கள். அட்டைக்குக் கிடைத்த எண்ணெய் எங்களுக்கு இருபது தேதி வரை தாங்கும். அதன் பிறகு மணி அடித்துக்கொண்டு வரும் தள்ளுவண்டியில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். இல்லையென்றால் அடுப்பு எரிக்காமல் சமாளிக்க வேண்டும். கேஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தபோது 1989, நான் கல்லூரி முடித்திருந்தேன்.

அம்மா ஸ்டவ்வைப் பற்ற வைக்கும் முன்பே எல்லாம் நறுக்கி, அரைத்து, தட்டில் வரிசையாக இருக்க வேண்டும். திரி எரிகிற நேரத்தில் ஏதாவது தேடிக்கொண்டிருந்தால் ஆயாவுக்குத் தாங்காது. "எண்ணெ எரியுது, நீ இன்னாடி இப்பதான் வெங்காயம் உரிச்சிக்கினு கீறே?" என்பாள்.

துவரம்பருப்பு காலையிலேயே ஊறிக்கொண்டிருக்கும். ஊறிய பருப்பு பாதி நேரத்தில் வெந்துவிடும், அதிலும் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் இன்னும் சீக்கிரம். முதலில் ஏறுவது உலை. உலை மூடியின் மேல் புளிக் கிண்ணம். அந்த ஆவிச் சூட்டிலேயே புளி இளகிக் கரைக்கத் தயாராகிவிடும். சோறு முக்கால் வேக்காட்டுக்கு வந்ததும் இறக்கி, இறுக்க மூடி, மேலே ஒரு பழைய கோணித் துண்டைப் போட்டு வைப்பாள். மீதி வேக்காடு அந்தக் கொதிநீரிலேயே நடக்கும். அப்புறம்தான் வடிப்பது. அதற்குள் ஸ்டவ்வில் பருப்பு ஏறியிருக்கும். வெந்த பருப்பின் மேல் தண்ணீரை ரசத்துக்கு இறுத்துக்கொண்டு, அடியில் தங்கிய பருப்பில் முளைக்கீரையோ அரைக்கீரையோ போட்டு மசித்துவிடுவாள். ரசம்தான் கடைசி. அது நுரை கட்டினால் போதும், கொதித்தால் கெட்டது. தாளிப்பும் ஒன்றே ஒன்றுதான். கரண்டியில் கடுகு வெடித்ததும் பாதி கீரையில் விழும், பாதி ரசத்தில் விழும். ஸ்டவ்வை அணைத்த பிறகும் அதன் சூடு வீணாகாது. பால் பாத்திரத்தை அதன் மேல் ஏற்றிவைப்பாள்.

ரசம் கொதிக்கக் கூடாது என்பதை இன்று சமையல் வீடியோக்களில் பெரிய ரகசியம் போலச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது எண்ணெய்க் கணக்கு. ருசியும் சிக்கனமும் இப்படி ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததைப் பிறகு பல உணவுகளில் பார்த்திருக்கிறேன்.

வடித்த கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உப்பும் ஒரு கரண்டி மோரும் கலந்து, பள்ளிவிட்டு வந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பாள். சனிக்கிழமை மட்டும் கிடைக்காது. அன்று அது யூனிபாரத்துக்கும் அப்பாவின் வேட்டிக்கும் போய்விடும்.

ஆயாவுக்கென்று தனியாக ஒரு ரம்பத்தூள் அடுப்பு இருந்தது. இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். பழைய பெயிண்ட் டின்னின் அடிப்பக்கம் ஓட்டை போட்டிருக்கும். நடுவில் ஒரு பாட்டிலை நிற்க வைத்து, ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரவாடியில் இருந்து மூட்டையாக வாங்கிவந்த ரம்பத்தூளை இடித்து இடித்துக் கெட்டியாக நிரப்ப வேண்டும். பிறகு பாட்டிலையும் கட்டையையும் பதமாக உருவினால் நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு வழி கிடைக்கும். அடியில் நெருப்பு வைத்தால் தூள் உள்பக்கத்திலிருந்து மெதுவாகக் கனன்று இரண்டு மூன்று மணி நேரம் எரியும். பாட்டிலை உருவும்போது தூள் சரிந்தால் முழுக்க மறுபடியும் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் பக்கத்தில் மூச்சுவிடக்கூட ஆயா விடமாட்டாள். கொள்ளு, மொச்சை, பலாக்கொட்டை மாதிரி வேக நேரம் பிடிக்கிறதெல்லாம் அந்த அடுப்பில்தான். அந்த மெதுவான சூட்டில் வெந்த மொச்சைக்கொட்டைக் குழம்பை பிரஷர் குக்கரில் நான் பலமுறை முயன்றிருக்கிறேன். கொட்டை வேகிறது. ஆனால் குழம்பின் புளிப்பும் உறைப்பும் கொட்டைக்குள் இறங்குவதில்லை.

சரி, மாதக் கடைசிக்கு வருகிறேன்.

எண்ணெய் டின்னைச் சாய்த்துப் பார்க்கிற நாட்களில் ஸ்டவ் மத்தியானம் ஒரு தடவைதான் எரியும், அதுவும் சோற்றுக்கு மட்டும். அது இறங்கும் சமயத்தில் தீயின் மேல் நாலு காய்ந்த மிளகாயை வாட்டி எடுத்துக்கொள்வாள். பச்சைப்புளி ரசத்துக்குத் தேவையான நெருப்பு அவ்வளவுதான். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, மூன்று பேருக்கு ஒரு சொம்பு என்ற கணக்கில் தண்ணீர். அதில் சுட்ட மிளகாய், தட்டிய சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், கல் உப்பு, கொத்தமல்லி. எல்லாவற்றையும் கையாலேயே பிசைய வேண்டும். கரண்டியால் கலக்கினால் வெங்காயச் சாறு இறங்காது. பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, சுடுசோற்றில் ஊற்றிக்கொண்டால், சோற்றின் சூட்டில் அந்த மல்லியும் பூண்டும் எழுப்புகிற வாசனை இருக்கிறதே, கொதிக்க வைத்த எந்த ரசத்திலும் அது கிடையாது.

தொட்டுக்கொள்ளத் துவையல். தேங்காய்த் துவையலுக்கும் பருப்புத் துவையலுக்கும் வறுக்க வேண்டும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டுத்தான் கடைக்கு வருகிறது. "அதுக்கு நெருப்பு கடைக்காரன் செலவுடி" என்பாள் அம்மா. ஒரு கைப்பிடி கடலை, ஒரு சில்லுத் தேங்காய், மிளகாய், பூண்டு, துளி புளி, உப்பு. அம்மியில் தண்ணீர் தெளித்துத் தெளித்து, திப்பி திப்பியாக அரைத்து எடுப்பாள். அம்மியைக் கழுவிய தண்ணீரும் ரசத்துக்குத்தான் போகும்.

மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடிவிட்டால் மறுநாள் காலைச் சாப்பாடு, அதற்கும் அடுப்பு வேண்டாம். ரேஷன் புழுங்கல் அரிசி இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். பச்சரிசிச் சோறு ஒரே ராத்திரியில் கூழாகிவிடும், புழுங்கல் பருக்கை பருக்கையாக நிற்கும். பழைய சோறு குடல் நோயாளிகளுக்கு உதவுமா என்று நம்ம ஸ்டான்லி மருத்துவமனையில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செய்தியைப் படித்தபோது, அதை முதலில் ஆயாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் போய்ப் பல வருடம் ஆகிறது.

மீனும் இந்தக் கணக்கில்தான் வந்தது. ஆட்டுக்கறி விலை ஒரு பக்கம் என்றால், அது வேகிற நேரத்துக்கு எண்ணெய் யார் கொடுப்பார்கள்? நெத்திலியோ காரப்பொடி மீனோ என்றால் குழம்பு கொதி வந்ததும் போட்டு, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, ஐஸ் ஹவுஸ் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருக்கும் குப்பத்து அம்மாக்கள் மிச்சத்தைக் கூறு கட்டி விலையைக் குறைத்துவிடுவார்கள். அப்பா வேலை முடிந்து அந்த வழியாகத்தான் நடந்து வருவார். புளி போட்ட குழம்பு என்பதால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மறுநாள் காலை வரை நிற்கும், அப்போதுதான் அது நன்றாகவும் இருக்கும். பழைய சோற்றுக்கு நேற்றைய நெத்திலிக் குழம்பு. மாங்காய்க் காலத்தில் கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காயோடு மாங்கொட்டை. அந்தக் கொட்டையைச் சப்புவதற்கு நானும் தம்பிகளும் முறை வைத்திருந்தோம்.

ஆடி மாதத்துக் கூழ், டீக்கடையில் ராத்திரி மிஞ்சிய மசால் வடையை மலிவாக வாங்கிவந்து மறுநாள் செய்கிற வடகறி, பீர்க்கங்காய்த் தோல் துவையல் என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது. வடகறியைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு பதில் எழுதலாம்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். 1983இல் நான் பத்தாவது. ஊரில் தண்ணீரே இல்லை. கிருஷ்ணா நதித் தண்ணீருக்கு ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்ட வருடம் அதுதான், அந்தத் தண்ணீர் நம் பக்கம் எட்டிப் பார்க்க 1996 ஆகிவிட்டது. எங்கள் கிணறு சேறாகிவிட்டது. லாரி வரும்போது ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. அந்த மாதங்களில் சமையலே மாறிப்போனது. அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில்தான் புளி கரைப்பது. சாப்பாடு மந்தாரைத் தையல் இலையில், தட்டு கழுவ வேண்டாமே. சட்டி பானை கழுவுவதைக் குறைக்க, அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை, கத்திரிக்காய், புளி எல்லாம் ஒரே பானையில் போட்டுக் கூட்டாஞ்சோறு. வாரத்துக்கு மூன்று நாள் அதுவே. நாங்கள் மூன்று பேரும் அதை விருந்து என்று நினைத்துத்தான் சாப்பிட்டோம். அம்மா ஏன் சாப்பிடும்போது ஒன்றும் பேசாமல் இருந்தாள் என்பது அப்போது தெரியவில்லை.

அந்த வறுமை திரும்ப வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தகரக் கூரைக்குக் கீழே கிருஷ்ணாயில் புகையில் இருபது வருடம் நின்றவள் அம்மா. அந்த இருமல் இன்னும் போகவில்லை. அரிசியில் கல் பொறுக்கிய மத்தியானங்களும், சில மாதம் அந்த அரிசியில் அடித்த வாடையும் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. கேஸ் வந்த அன்று, அடுப்பில் ஒன்றும் வைக்காமலே ஒரு தடவை பற்றவைத்து நீலத் தீயைப் பார்த்துவிட்டு உடனே அணைத்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் பள்ளிக்கரணையில் இரண்டாவது மாடியில் இருந்தோம். கீழே இடுப்பளவுத் தண்ணீர். கரண்ட் இல்லை, மிக்ஸி ஓடாது. சிலிண்டர் தீர்கிற நிலையில் இருந்தது, மாற்று சிலிண்டர் வர வழியில்லை. நான் பிரெட் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். 77 வயது அம்மா சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"முக்காப் பதத்துல அடுப்ப நிறுத்து. மூடு. மேல துண்டு போடு. தானா வெந்துக்கும்."

அவள் சொன்னபடியே செய்தேன். அணைக்கும் முன் மிளகாய் வாட்டிக்கொண்டேன். இஞ்சி தட்டுகிற சின்ன உரலில் பொட்டுக்கடலையையும் பூண்டையும் இடித்தேன். கொத்தமல்லி இல்லை, பால்கனித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு அம்மாவே தன் கையால் ரசத்தைப் பிசைந்தாள். எதிர் வீட்டில் புதிதாகக் குடிவந்த ஒரு பையனும் பெண்ணும் இருந்தார்கள், அவர்களிடம் கரண்ட் அடுப்பு மட்டும்தான். பிஸ்கட்டை வைத்தே ஒன்றரை நாள் ஓட்டியிருக்கிறார்கள். கூப்பிட்டதும் ஆளுக்கு ஒரு தட்டோடு வந்து நின்றார்கள்.

அம்மா அவர்களைப் பார்த்தாள், ரசச் சட்டியைப் பார்த்தாள். இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, மறுபடியும் கையை விட்டுப் பிசைய ஆரம்பித்தாள்.