ஏஜென்ட்டா, நாமே போடலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் விசா பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் எழுதினாலும் எழுதினேன், குளச்சலில் இருந்து குலசேகரம் வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான்: ஏஜென்ட்டிடம் காசைக் கொடுப்பதா, நாமே பேப்பர் வேலையைப் பார்த்துக்கொள்வதா? நான் வக்கீல் இல்லை. ஷார்ஜாவில் 19 வருஷம் ஒரு கம்பெனியில் விசா ஃபைல் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவன், அவ்வளவுதான். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, என் தம்பி பத்தாம் வகுப்பில் தோற்றவன், வெல்டிங் நன்றாகத் தெரியும். சவுதி விசா கையில் இருக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் 1,40,000 ரூபாய் கேட்கிறார். ஏஜென்ட்டே இல்லாமல் நாமே பார்த்து அனுப்ப முடியாதா? (மார்த்தாண்டம்)

முடியாது. நாமே போடலாம் என்று வீறாப்பாக எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் சவுதி வேலை விசா ஸ்டாம்பிங்குக்கு (பாஸ்போர்ட்டில் விசா பதிக்கும் வேலைக்கு) நம் ஆள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே போய் நீட்ட முடியாது, பதிவுபெற்ற ஏஜென்சி வழியாகத்தான் போகும். போதாததற்கு உங்கள் தம்பி பத்தாம் வகுப்பு தேறாததால் அவர் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. சவுதி, அமீரகம், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கியவராக இருக்க வேண்டும்.

சரி, அந்த லைசென்ஸ்காரர் எவ்வளவு வாங்கலாம்? 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 35,400. ரசீதும் தர வேண்டும். உங்கள் பக்கத்து ஊர்க்காரர் கேட்பது அதைப்போல நாலு மடங்கு. இடையில் மூன்று கை மாறி வந்திருக்கும், ஒவ்வொரு கையும் தன் பங்கை ஏற்றியிருக்கும். இந்த மாதிரி சப்-ஏஜென்ட் என்று ஒரு ஆளைச் சட்டம் ஏற்பதே இல்லை. அவரிடம் லைசென்ஸ் நம்பர் கேட்டுப் பாருங்கள். "அது மும்பை ஆபீஸ்ல இருக்கு மக்களே, நீ என்னை நம்பமாட்டியா" என்பார். நம்பிக்கை இருக்கட்டும், நம்பர் வேண்டும். மும்பை ஆபீஸ் பெயரை வாங்கி, இ-மைக்ரேட் அரசுத் தளத்தில் அந்தப் பெயர் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, அதிலேயே போட்டிருக்கும் போன் எண்ணுக்குக் கூப்பிட்டு (அவர் கொடுக்கும் எண்ணுக்கு வேண்டாம்), இந்த ஆள் உங்கள் ஆள்தானா, இந்தக் கம்பெனிக்கு வெல்டர் எடுக்கிறீர்களா என்று கேளுங்கள். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யக் கூச்சப்பட்டுத்தான் நம் ஊரில் பலர் நகையை அடகு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி ஆளை வரவழைக்கும் செலவு, இக்காமா என்கிற தங்கும் அனுமதி, வேலை அனுமதிக் கட்டணம் எல்லாம் முதலாளி தலையில். ஆகவே "விசா காசு" என்று யாராவது தனியாகக் கேட்டால், கொடுத்துத்தான் தீர வேண்டிய காசு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். "விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கலாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள், ஈ.சி.ஆர். அனுமதியைத் தாண்டுவதற்கான குறுக்கு வழி அது, மாட்டினால் தம்பிதான் மாட்டுவான். போவதற்கு முன் பிரவாசி பாரதிய பீமா இன்ஷூரன்ஸ் போட்டாரா என்று பாருங்கள், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். அந்த 275-ஐயும் மிச்சம் பிடிக்கிற ஏஜென்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். என்னையும் குழந்தையையும் கூட்டிக்கொள்ள இப்போதுதான் சம்பளம் எட்டியிருக்கிறது. கல்யாண சர்டிஃபிகேட், குழந்தையின் பிறப்புச் சான்று இரண்டுக்கும் அட்டெஸ்டேஷன் (அரசுச் சான்றொப்பம்) செய்ய நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸ் கேட்கும் தொகையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நானே செய்யலாமா? (தக்கலை)

செய்யலாம் தங்கச்சி, தடை ஒன்றும் இல்லை. 4,000 திர்ஹாம் சம்பளம், இல்லையென்றால் 3,000-மும் தங்குமிடமும், அதுதானே கணக்கு, அதைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் மீதி பேப்பர்தான்.

முதலில் கல்யாண சர்டிஃபிகேட் எது என்று எடுத்துப் பாருங்கள். சர்ச்சிலோ ஜமாத்திலோ கோயிலிலோ கொடுத்த காகிதம் மட்டும் இருந்தால் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தது வேண்டும், 2009-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்த மதத்துக் கல்யாணத்துக்கும் பதிவு கட்டாயம். அது கையில் இருந்தால் பாதை இதுதான்: சென்னைத் தலைமைச் செயலகத்தில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போனதும் அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அப்போஸ்டில் என்று ஒரு ஒப்பந்தம் உண்டு, அதில் சேர்ந்த நாடுகள் தூதரக முத்திரை கேட்காமல் அந்த ஒரு சான்றையே ஏற்கும்; அமீரகம் அதில் இல்லாததால்தான் இத்தனை படி. ஓமன், பஹ்ரைன், 2022 கடைசியில் இருந்து சவுதி எல்லாம் அந்த ஒப்பந்தத்தில் உண்டு, அவற்றுக்கு அப்போஸ்டில் போதும், அரசுக் கட்டணம் ஒரு பேப்பருக்கு 50 ரூபாய்தான்.

இனி காசுக் கணக்கைப் போடுங்கள். நீங்களே செய்தால், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி ஒரு ராத்திரி, எழும்பூரில் இறங்கி குளித்து ஆட்டோ பிடித்து வரிசையில் நின்று, "நாளைக்கு வாங்க" என்றால் ஒரு லாட்ஜ். கைக்குழந்தை வேறு. தூதரக முத்திரைக்கான கட்டணம் யார் செய்தாலும் வரும், அதில் மிச்சம் பிடிக்க முடியாது. ஆக ஏஜென்ட்டுக்குக் கொடுப்பது ஓட்டக்கூலி. அதைக் கூலியாகவே பேசுங்கள். அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், பிரித்து எழுத முகம் சுளிக்கிறவரை விட்டுவிடுங்கள். நியாயமான கூலி கேட்டால், உங்கள் நிலையில் நானே கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பேன்.

கொடுக்கும் முன் இரண்டு விஷயம். பேப்பரை லேமினேட் செய்திருந்தால் முத்திரை விழாது. என் டிகிரி சர்டிஃபிகேட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா லேமினேட் செய்து வைத்திருந்தாள். ஒரு ஏஜென்ட், பெயர் வேண்டாம், "நான் உரிச்சுத் தரேன்" என்று தேய்ப்புப் பெட்டியைச் சூடாக்கி மேலே வைத்து இழுத்தார். பிளாஸ்டிக்கோடு பல்கலைக்கழக முத்திரையும் பெயர்ந்து வந்தது. டூப்ளிகேட் வாங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது, அவர் கூலியைத் திருப்பித் தரவில்லை.

இரண்டாவது, பெயர். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதா பாருங்கள். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்து, பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று சொன்னது. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கல்யாண சர்டிஃபிகேட்டில் ஒரு மாதிரி, குழந்தையின் சான்றில் அம்மா பெயர் வேறு மாதிரி என்றால் அதைத் திருத்தாமல் ஒரு முத்திரைக்கும் காசு கட்டாதீர்கள். இதை எந்த டிராவல்ஸும் உங்களுக்காக உட்கார்ந்து பார்க்காது.

மகள் பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தாள். குவைத் ஆஸ்பத்திரி வேலைக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத ஈ.சி.என்.ஆர். வகைதானே, நாமே அனுப்பலாமே? (குலசேகரம்)

நர்ஸ் வேலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. 2015-க்குப் பிறகு அந்த 18 நாடுகளுக்கு நர்சாகப் போகிறவர் ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் குடிபெயர்வு அனுமதி வேண்டும், ஆள் எடுப்பதை அரசு நிறுவனங்கள் வழியாக நடத்த வேண்டும் என்று கொண்டுவந்ததே இப்படி லட்சங்கள் கைமாறியதால்தான். தமிழ்நாட்டுக்கு ஓ.எம்.சி.எல்., அதாவது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னை கிண்டியில் இருக்கிறது. முதலில் அங்கே பதிவு செய்யுங்கள். சர்டிஃபிகேட் பெங்களூரில் வாங்கியது என்பதால் மாநில அட்டெஸ்டேஷன் கர்நாடகாவில்தான், சென்னையில் நின்று பிரயோஜனம் இல்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் திருவனந்தபுரத்தில் நோர்க்கா என்கிற கேரள அரசு அலுவலகத்திலேயே முடிந்துவிடும், நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள்.

நானும் மனைவியும் ஐ.டி. கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கித் தருகிறோம், கேரண்டி என்று ஒரு கன்சல்டன்சி இரண்டரை லட்சம் கேட்கிறது. மச்சான் தானாகவே போட்டுப் போனான். யார் சொல்வதைக் கேட்க? (நாகர்கோவில்)

மச்சான் சொல்வதைக் கேளுங்கள். கேரண்டி என்ற வார்த்தையைக் கேட்டதுமே நீங்கள் படி இறங்கியிருக்க வேண்டும், விசா கொடுப்பது கனடா அதிகாரி, கோட்டாறு கடைக்காரர் இல்லை.

பாயின்ட் பார்த்து பி.ஆர்.-க்கு ஆள் எடுக்கும் கனடா அரசின் ஆன்லைன் முறைதான் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அதில் ப்ரொஃபைல் போடுவது இலவசம், 12 மாதம் செல்லும். அதற்கு வேண்டியது மொழித்தேர்வு, படிப்பு மதிப்பீடு, வேலை அனுபவக் கடிதங்கள். மூன்றும் நீங்கள்தான் வாங்க வேண்டும், கன்சல்டன்சி உங்களுக்காக ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதாது. அழைப்பு வந்தால் 60 நாளில் எல்லாப் பேப்பரையும் ஏற்ற வேண்டும், திணறுவது அங்கேதான், அதுவும் பழைய கம்பெனியில் இருந்து வேலை விவரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் என்று எழுதி வாங்கும் கடிதத்தில். ஆகவே அழைப்புக்குக் காத்திராமல் இப்போதே எச்.ஆரைப் பிடியுங்கள். வேலை ஆஃபர் வாங்கித் தருகிறோம், பாயின்ட் ஏறும் என்றால், ஆஃபருக்கான அந்தப் பாயின்ட்டையே 2025 மார்ச் 25-ல் எடுத்துவிட்டார்கள்.

காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் ஆலோசனை சொல்ல கனடா வக்கீல் சங்கத்தில் உள்ளவர், கியூபெக் நோட்டரி, உரிமம் பெற்ற ஆலோசகர் இவர்களுக்குத்தான் அனுமதி. உரிமம் பெற்றவரா என்பதை அவர்கள் கல்லூரியின் பொதுப் பட்டியலில் பார்க்கலாம் (கல்லூரி என்றால் படிக்கிற கல்லூரி இல்லை, உரிமம் கொடுக்கும் அமைப்புக்கு அங்கே அப்படிப் பெயர்). அப்படிப்பட்டவர் 5476 என்ற பிரதிநிதி படிவத்தில் தன் பெயரைப் போடுவார். பெயர் போடாமல், தன் இமெயிலைக் கொடுத்து, பாஸ்வேர்டையும் தானே வைத்துக்கொண்டு "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறவர் நாளைக்கு ஒரு பொய் அனுபவக் கடிதத்தைச் சொருகினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தவறான தகவல் என்று பிடித்தால் ஐந்து வருஷத் தடை உங்கள் பெயருக்கு, அவருக்கு இல்லை.

முன்பு விசா மறுக்கப்பட்டிருக்கிறது, வழக்கு இருக்கிறது, முதல் கல்யாணம் முறிந்து குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்ற சிக்கல் இருக்கிறது, இப்படியென்றால் நானே உரிமம் பெற்றவரிடம் போகச் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, 6,000 கொடுத்தால் நாளைக்கே என்கிறார்கள்? (இரணியல்)

தினமும் காலையும் ராத்திரியும் நீங்களே தளத்தைத் திறந்து பாருங்கள், யாராவது ரத்து செய்தது வந்து விழும். காசு கொடுத்து வாங்கியதில் பாஸ்போர்ட் எண் தப்பாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மகன் ஈரானுக்குப் படகு வேலைக்குப் போகிறான். அந்த நாட்டுக்கு ஈ.சி.ஆர். தொல்லை இல்லை, பேப்பர் ஒன்றும் வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். சரிதானா ஐயா? (குளச்சல்)

அந்த 18 நாட்டுப் பட்டியலில் ஈரான் இல்லை என்பது உண்மை. ஏஜென்ட்டுக்கு அது வசதி, உங்களுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் குடிபெயர்வு அனுமதி என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் பார்க்கும் இடமே அதில் கிடையாது. 2020-ல் கொரோனா சமயம் அங்கே மாட்டிக்கொண்டவர்களை ஜூலை முதல் தேதி ஐ.என்.எஸ். ஜலஷ்வா கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்ததே, அந்த மாதங்களில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகன் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறான் என்றே சொல்லத் தெரியவில்லை. அனுப்பிவைத்த ஆள் போனை எடுக்கவே இல்லை.

விசா டூரிஸ்ட்டா, வேலையா என்று கேளுங்கள். டூரிஸ்ட் என்றால் அனுப்பாதீர்கள். வேலை விசா என்றால் ஒப்பந்த நகல், சம்பளமா பங்கா என்பது எழுத்தில், படகு முதலாளியின் பெயரும் போனும், படகின் பெயரும் நம்பரும், துறைமுகம், இத்தனையும் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அயலகத் தமிழர் நல வாரியத்தில் மகனைப் பதிவு செய்யுங்கள். படகின் நம்பரைப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே மகனே படம் பிடித்து அனுப்பட்டும், ஏஜென்ட் சொல்லும் நம்பரை எழுதி வைக்க வேண்டாம்.